நர்சரியில் ‘வல்லாரை’ என்று கொடுத்த செடி வல்லாரைதானா?

மதகடி | சென்னை

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் மன்னார்குடிப் பக்கம். அம்மா போன வருஷம்தான் எங்களோட சென்னைக்கு வந்தாங்க. வந்த நாளிலிருந்து வல்லாரைத் துவையல் பேச்சுதான். ஊரில் வாய்க்கால் மதகு ஓரம் ஈரம் இருக்கிற இடமெல்லாம் படர்ந்து கிடக்கும். மாட்டை ஓட்டிக்கிட்டு வரும்போது மடி நிறையப் பறிச்சுக்கிட்டு வருவாங்க. இங்கே கீரைக்காரம்மா எப்பவாவதுதான் கொண்டுவராங்க, அதுவும் பாதி வாடினது.

அதனால ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நர்சரியில் கேட்டு ஒரு தொட்டி வாங்கினேன். பளபளன்னு வட்ட இலை, வேகமா வளர்ந்தது. போன ஞாயிற்றுக்கிழமை துவையல் அரைச்சேன். அம்மா ஒரு வாய் வச்சுட்டு, “இது வல்லாரை இல்லடா, கசப்பையே காணோம்”னு தட்டைத் தள்ளிட்டாங்க. நான் மிச்சத்தைச் சாப்பிட்டேன். உடம்புக்கு ஒண்ணும் ஆகலை, ஆனா பயமா இருக்கு. ரெண்டு படம் போட்டிருக்கேன். இது என்ன செடி?

தாவரப்பை | திருச்சி

அம்மாவின் நாக்கு சரியாகச் சொல்லியிருக்கிறது. படத்தில் இருப்பது வல்லாரை இல்லை. மீன் தொட்டிக்கும் அழகுக்கும் வைக்கிற நாணய இலைச் செடி, ஹைட்ரோகோட்டைல் பேரினம்.

பார்க்க வேண்டியது ஒரே இடம்: காம்பு இலையில் எங்கே சேர்கிறது? உங்கள் செடியில் இலை முழு வட்டம், காம்பு அடியிலிருந்து வந்து வட்டத்தின் நடுவில் ஒட்டுகிறது, குடைக்குக் கம்பி மாதிரி. வல்லாரையில் அப்படி இருக்காது. இலையின் ஒரு பக்கம் உள்வாங்கி வெட்டு விழுந்திருக்கும், அந்த வெட்டின் அடியில் காம்பு சேரும். அங்கிருந்துதான் நரம்புகள் விரிந்து ஓடும். குதிரைக் குளம்பை மண்ணில் அழுத்தினால் விழும் தடம் போல இருக்கும். ஓரத்தில் சின்னச் சின்ன வளைபற்கள்.

இந்தக் குழப்பம் நர்சரியோடு தொடங்கியதில்லை. செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1753-ல் வல்லாரைக்குப் பெயர் வைத்தபோதே ஹைட்ரோகோட்டைல் ஏசியாட்டிகா என்றுதான் வைத்தார். 1879-ல் உர்பன் என்ற ஜெர்மானியர்தான் அதைப் பிரித்து சென்டெல்லா ஏசியாட்டிகா ஆக்கினார். பிறகு மரபணு ஆய்வுகள் வந்து நாணய இலையை ஜின்செங் குடும்பத்துக்குக் கொண்டுபோய்விட்டன. வல்லாரை மட்டும் கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், கேரட், செலரி இருக்கிற குடும்பத்திலேயே நிற்கிறது. நம் அஞ்சறைப் பெட்டியில் பாதி அந்தக் குடும்பம்தான் என்று வகுப்பில் சொல்வேன், பிள்ளைகள் வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்ப்பார்கள்.

நீங்கள் சாப்பிட்டதற்காகப் பதற வேண்டாம், நாணய இலை கொடிய விஷச்செடி இல்லை. ஆனால் அழகுச் செடிகளுக்கு என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. இனிமேல் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

கன்னிவாய்க்கால் | திருவாரூர் மாவட்டம்

தம்பி, டீச்சர் காம்பைச் சொல்லிட்டாங்க. நான் வேரைச் சொல்றேன். வல்லாரை மேல எழும்பாது, தரையோட ஓடும். கொடி மாதிரி ஒரு தண்டு ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டு, அங்கே நாலஞ்சு இலை கிளம்பும். ஒரு கணுவைப் பிடிச்சு இழுத்தா பின்னாடி சங்கிலி மாதிரி அடுத்தடுத்து வரும். பழைய தண்டு லேசா செவந்து இருக்கும்.

ஒண்ணு கவனிங்க. ஒரே செடிதான், ஆனா இடத்துக்கு இடம் வேற வேற மாதிரி தெரியும். வெயிலில் காயிற வரப்பில் இலை சின்னதா, தடிப்பா, காம்பு குட்டையா, ஓரம் செவந்து கிடக்கும். வாழைத் தோட்டத்து நிழலில், வாய்க்கால் கசிவில், உள்ளங்கையில் பாதி அகலத்துக்கு இலை விரிஞ்சு காம்பு ஒரு சாணுக்கு நீளும். ரெண்டையும் பக்கத்தில் வச்சா வேற செடின்னுதான் சொல்வீங்க. எனக்குத் துவையலுக்கு வரப்பு இலைதான் பிடிக்கும். கசப்பும் துவர்ப்பும் நல்லா ஏறியிருக்கும்.

இப்போ வரப்பில் அவ்வளவா இல்லை என்கிறதையும் சொல்லிடறேன். முன்னாடி வரப்பை மம்மட்டியால செதுக்குவோம். செதுக்கினா வல்லாரை சாகாது, துண்டு துண்டா விழுந்து இன்னும் பரவும். இப்போ ஆள் கிடைக்கலைன்னு வரப்பு மேலேயே களைக்கொல்லி அடிக்கிறாங்க. எங்க பக்கம் சில வாய்க்காலுக்கு ரெண்டு பக்கமும் சிமென்ட் போட்டாச்சு. தண்ணி விரயமாகாம கடைமடைக்குப் போகுது, அது எங்களுக்கு வேணும்தான். ஆனா அந்தக் கசிவு ஈரத்தில்தான் இந்தச் செடி உயிரோட இருந்தது.

மதகடி | சென்னை

டீச்சர், அண்ணா, ரொம்ப நன்றி. இப்பதான் தொட்டிக்குப் போய்ப் பார்த்தேன். காம்பு நடுவிலேதான் இருக்கு. ரெண்டு மாசமா தினம் தண்ணி ஊத்தியும் இதைக் கவனிக்கலை. அம்மாகிட்ட “எப்படி கண்டுபிடிச்சே”ன்னு கேட்டேன். “அரைக்கும்போதே வாசனை வரலியே”ங்கிறாங்க. வல்லாரைக்கு வாசனை உண்டா? எனக்கு நினைவே இல்லை.

தாவரப்பை | திருச்சி

உண்டு, ஆனால் மெல்லியது. கசக்கினால் கேரட் தழையை நினைவூட்டும் பச்சை வாசனை வரும். இந்தக் குடும்பத்துச் சீரகம், சோம்பு போன்றவற்றின் காயில் எண்ணெய்க் குழல்கள் உண்டு, அதனால்தான் அவ்வளவு மணம். வல்லாரையின் காயில் அந்தக் குழல்கள் இல்லை. எனவே மூக்கை மட்டும் நம்பாமல் காம்பு, ஓடுதண்டு, பூ மூன்றையும் பாருங்கள்.

பூவைப் பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். இலைகளை விலக்கிவிட்டு மண்ணோடு மண்ணாகத் தேட வேண்டும். மூன்று நான்கு பூக்கள் சேர்ந்த சின்னக் குடைமஞ்சரி, அதாவது குடை போல விரியும் பூங்கொத்து. ஒவ்வொன்றும் ஊசித்தலை அளவுதான், வெளிர் சிவப்பு. காய் தட்டையாக, வரி வரியாக இருக்கும்.

கிணத்தடி | யாழ்ப்பாணம்

எங்கட பக்கத்தில வல்லாரை கிணத்தடிப் பயிர். குளிக்கிற தண்ணி ஓடுற வாய்க்கால் கரையில அம்மம்மா நட்டு வச்சவ. இப்ப நான் தனியப் பாத்தி கட்டி வச்சிருக்கிறன், சவுக்காரத் தண்ணி படாத பக்கமா. சந்தையிலயும் பிடி பிடியாக் கட்டி விக்கினம்.

நாங்கள் துவையல் அரைக்கிறது குறைவு, சம்பல்தான். இலையை நல்லாக் கழுவி, தண்ணியை உதறி, மெல்லிசா மெல்லிசா அரிய வேணும். எவ்வளவு மெல்லிசா அரியிறியளோ அவ்வளவுக்குக் கைப்பு தெரியாது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் அரிஞ்சு போட்டு, துருவின தேங்காய்ப்பூ, உப்பு, கொஞ்சம் மிளகுதூள். கடைசியாத்தான் தேசிக்காய் (எலுமிச்சை) புளி விடுறது. முதலே விட்டியள் எண்டா இலை கறுத்துப் போகும். மச்சம் சாப்பிடுற நாளில மாசிக் கருவாடு இடிச்சுப் போடுவம். சோத்தோட சாப்பிட இதுக்கு மிஞ்சி ஒண்டும் இல்லை.

சிங்களத்தில கொட்டுகொல எண்டு சொல்லுவினம். அவையும் இதே மாதிரித்தான் சம்பல் போடுவினம். காலமையில அரிசியோட இலைச்சாறு விட்டுக் காய்ச்சிற கொல கெந்த எண்ட கஞ்சியும் உண்டு. சக்கரைத் துண்டைக் கடிச்சுக்கொண்டு குடிக்கிறது.

ஏரிக்கரை | பெங்களூரு

கன்னடத்தில் ஒந்தெலக என்பார்கள், ஒற்றை இலை என்று பொருள். மங்களூர்ப் பக்கத்து அண்டை வீட்டம்மா இதில் தம்புளி செய்வார். இலையை நெய்யில் வதக்கி, தேங்காய், சீரகம், மிளகோடு அரைத்து மோரில் கரைத்தால் முடிந்தது. அடுப்பில் ஏற்றுவதில்லை. வெயில் காலத்தில் மதியச் சோற்றுக்கு முதல் வாய் அதுதான். தெலுங்கில் இதற்குச் சரஸ்வதி ஆகு என்று பெயர்.

பத்தாம்வகுப்பு_அம்மா | கோவை

நானும் ஒண்ணு கேக்கலாமுங்களா? பொண்ணு இந்த வருஷம் பத்தாவது. நாட்டு மருந்துக் கடையில வல்லாரைப் பொடி வாங்கித் தினம் ரெண்டு ஸ்பூன் பாலில் குடுக்கிறேன். மூணு மாசம் ஆச்சு. ஞாபக சக்திக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. “வல்லாரை உண்டவரிடம் மல்லாடாதே”ன்னு பழமொழியே இருக்குதுங்களே. இன்னும் எத்தனை நாள் குடுக்கலாம்?

மருந்துக்கல்வம் | பாளையங்கோட்டை

அக்கா, நான் சித்த மருத்துவம் படித்துத் தொழில் செய்கிறேன். என் தொழிலுக்கு உண்மையாக இருந்தே சொல்கிறேன்: மூன்று மாதம் தொடர்ந்து கொடுத்தது போதும், நிறுத்துங்கள்.

நம் மரபில் வல்லாரை கற்ப மூலிகை, அதாவது உடலை உறுதியாக வைத்திருக்கச் சொல்லப்பட்ட மூலிகை. அறிவுக்கும் தோலுக்கும் புண்ணுக்கும் சொல்லப்பட்டது. அதை நான் மதிக்கிறேன், தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் மரபில் எந்த மருந்துக்கும் அளவும் கால எல்லையும் உண்டு. கடைப் பொடியை ஸ்பூன் கணக்கில் வருஷம் முழுக்கக் கொடுப்பது மரபில் இல்லாத பழக்கம்.

ஞாபகத்தைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். மனிதர்களிடம் நடந்த சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து 2017-ல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட வல்லாரை எடுத்தவர்களுக்கு நினைவாற்றல் கூடியதாக அதில் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. விழிப்புணர்வு கூடியது, எரிச்சல் குறைந்தது என்ற அளவில் சில அறிகுறிகள் தெரிந்தன. சேர்க்கப்பட்ட சோதனைகளும் குறைவு, சிறியவை. ஆகவே பலனே இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. ஆனால் பரீட்சை மார்க்குக்கு இதை நம்பிக் குழந்தைக்குப் பொடி கொடுப்பதற்கு ஆதாரம் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அர்ஜென்டினாவில் வல்லாரை மாத்திரையை வாரக்கணக்கில் எடுத்த மூன்று பெண்களுக்கு மஞ்சள் காமாலையோடு கல்லீரல் பாதிப்பு வந்ததாக 2005-ல் பதிவு செய்திருக்கிறார்கள். நிறுத்தியதும் தேறினார்கள். அரிதுதான். ஆனாலும் கல்லீரல் தொல்லை இருப்பவர்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் மருந்தளவில் எடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். வாரம் ஒரு நாள் துவையல், தோசை, சம்பல் என்று கீரையாகச் சாப்பிடுவது வேறு. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

பத்தாம்வகுப்பு_அம்மா | கோவை

நிறுத்திட்டேனுங்க. அவளுக்கும் அந்தப் பொடி பிடிக்கவே இல்லை, என் முகத்துக்காகக் குடிச்சிருக்கா. தோசை மாவில் இலையை அரைச்சு ஊத்தினா சாப்பிடுவா. ஆனா இலை கிடைச்சாத்தானே.

மாட்டுவைத்தியர் | தஞ்சாவூர்

இலை எங்கே முளைத்தது என்பதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். கால்நடை மருத்துவன் நான். எங்கள் பகுதி மாடு, எருமை, ஆடுகளில் ஈரல் புழு சாதாரணம். தட்டையாக இலை போல இருக்கும். சாணத்தோடு வெளியேறும் முட்டை தண்ணீரில் பொரிந்து, நத்தைக்குள் புகுந்து பெருகும். பிறகு நத்தையிலிருந்து வெளியே வந்து நீரோரச் செடிகளில் கண்ணுக்குத் தெரியாத சின்னக் கூடுகளாக ஒட்டிக்கொள்ளும். மாடு அந்தப் புல்லைத் தின்றால் ஈரலுக்குப் போய்விடும். மனிதர்களுக்கும் வரக்கூடியது இது. நம் நாட்டில் அரிது, ஆனால் வழி அதேதான்: மாடு இறங்குகிற நீரோரத்துச் செடியைப் பச்சையாகத் தின்பது.

மஞ்சள் தண்ணீர், உப்புத் தண்ணீர் எல்லாம் மண்ணையும் பூச்சியையும் போக்கும். ஒட்டியிருக்கிற இந்தக் கூடுகளை நம்பகமாகப் போக்காது. வேகவைத்தால் செத்துவிடும். எனவே வாய்க்கால், குளக்கரை வல்லாரையைச் சமைத்துச் சாப்பிடுங்கள். பச்சைச் சம்பலுக்கும் மோர் வகைக்கும் வீட்டில் குழாய்த் தண்ணீரிலோ கிணற்றுத் தண்ணீரிலோ வளர்த்த இலை மட்டும். யாழ்ப்பாணத்து அம்மா பாத்தி கட்டி வளர்ப்பதுதான் சரியான முறை.

கிள்ளான்_வாசி | மலேசியா

இங்கே இதைப் பெகாகா என்பார்கள். மலாய்க்காரர்கள் உலாம் என்ற பச்சைக்கீரை வகையாக, சம்பல் பெலாச்சான் என்ற இறால் மிளகாய்த் துவையலைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். பாசார் மாலம் என்ற இரவுச் சந்தையில் கட்டுக் கட்டாக இருக்கும். எங்கள் பாட்டி தோட்டத்தில் பால்மரத்துக்கு (ரப்பர் மரத்துக்கு) அடியில் பறித்து வந்து ரசம் வைப்பார்.

மாட்டுவைத்தியர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வல்லாரை மண்ணிலிருக்கும் ஈயம், துத்தநாகம் போன்றவற்றை இழுத்துக்கொள்ளும் செடி. ஓர் இடத்து மண் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க இங்குள்ள ஆய்வாளர்கள் இந்தச் செடியையே அளவுகோலாக எடுத்திருக்கிறார்கள். வேரில்தான் அதிகம் சேரும். அதனால் தொழிற்பேட்டை ஓரம், நெடுஞ்சாலைச் சாக்கடை ஓரம் எவ்வளவு செழிப்பாக நின்றாலும் தொடாதீர்கள். அங்கேதான் செழிப்பாகவும் நிற்கும், சாக்கடையில் தழைச்சத்து கொட்டிக் கிடக்கிறதே.

மருந்துக்கல்வம் | பாளையங்கோட்டை

கிள்ளான் அண்ணன் சொன்ன வேர் விஷயம் முக்கியம். நாட்டு மருந்துக் கடைப் பொடி பெரும்பாலும் சமூலம், அதாவது வேர், தண்டு, இலை எல்லாம் சேர்த்துக் காயவைத்து இடித்தது. எந்தக் கரையில் பிடுங்கினார்கள் என்று கடைக்காரருக்கே தெரியாது. கத்தரியால் காம்பை வெட்டி இலை மட்டும் எடுக்கிற வீட்டுக் கீரைக்கும் அந்தப் பொடிக்கும் நான் வித்தியாசம் பார்ப்பது இதனால்தான்.

கடையில் கேட்கும்போது பெயரிலும் கவனம் வேண்டும். வடக்கே பிராமி என்ற பெயரை வல்லாரைக்கும் சொல்கிறார்கள், நீர்ப்பிரமிக்கும் சொல்கிறார்கள். நீர்ப்பிரமி வேறு குடும்பம். தடித்த குட்டி இலை, வெள்ளையோ வெளிர் ஊதாவோ பூ. டப்பாவில் பிராமி என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே எது இருக்கிறது என்று தாவரப் பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். வடமொழியில் வல்லாரைக்குத் திட்டமான பெயர் மண்டூகபர்ணி, தவளை இலை. தவளை இருக்கிற இடத்தில்தான் செடியும் இருக்கும், பொருத்தமான பெயர்.

கன்னிவாய்க்கால் | திருவாரூர் மாவட்டம்

எலிக்காதிலையையும் சேர்த்துக்கோங்க. எங்க களிமண் வயலில் அதுவும் தரையோட ஓடும், கணுவில் வேர் விடும், இலையில் வெட்டும் இருக்கும். புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைங்க அதைத்தான் வல்லாரைன்னு பறிச்சுட்டு வருவாங்க. பூத்துட்டா சந்தேகம் தீர்ந்துடும். எலிக்காதுக்கு மஞ்சப் பூ, புனல் மாதிரி, மேலேயே தெரியும். வல்லாரைப் பூவைத்தான் குனிஞ்சு தேடணும்.

பனிக்காலம் | டொராண்டோ

இந்த இழையை இண்டைக்குப் பார்த்தது என்ர நல்ல காலம். போன வசந்தத்தில வீட்டுக்குப் பக்கத்து ஓடைக்கரையில வட்டமா, வெட்டு விழுந்த இலையோட செடி கூட்டமா நிண்டது. காம்பும் வெட்டிலதான் சேருது. அம்மா “வல்லாரை!” எண்டு பறிக்கவே குனிஞ்சிட்டா. மஞ்சள் பூ பெரிசா இருந்ததால நான்தான் தடுத்தனான். அது என்னவா இருக்கும்?

தாவரப்பை | திருச்சி

தடுத்தது மிக நல்லது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கால்தா பாலஸ்ட்ரிஸ் ஆக இருக்கலாம், ஆங்கிலத்தில் மார்ஷ் மேரிகோல்ட். பச்சையாகத் தின்றால் வாய், வயிறு எல்லாம் எரியும் நஞ்சு அதில் உண்டு. உங்கள் ஊர்ப் புல்தரையில் கிரவுண்ட் ஐவி என்று இன்னொன்றும் ஓடும். அதன் இலை வல்லாரையை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருக்கும். தண்டைத் தடவினால் சதுரம், பூ ஊதா. அது துளசிக் குடும்பம்.

உங்கள் இருவருக்கும் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செலரி குடும்பத்துச் செடி என்றாலே நமக்குக் கொத்தமல்லி மாதிரி ஒரு நம்பிக்கை வருகிறது. கனடாவின் சதுப்பு நிலங்களில் அதே குடும்பத்தைச் சேர்ந்த சிகூட்டா மாகுலாட்டா இருக்கிறது, வாட்டர் ஹெம்லாக். வெள்ளைக் குடைப்பூ, கீறின இலை, தடித்த கிழங்கு. வட அமெரிக்காவின் மிகக் கொடிய நச்சுச் செடிகளில் ஒன்று. வலிப்பு வந்து சில மணி நேரத்தில் உயிர் போகக்கூடும். சாக்ரடீசுக்குக் கொடுத்ததும் இதே குடும்பத்து ஹெம்லாக்தான். அங்கே நீர்க்கரையில் இந்தச் சாயலில் எதையும் வாயில் வைக்காதீர்கள். வல்லாரை உறைபனி தாங்காத செடி, டொராண்டோவில் தானாக முளைத்திருக்க வழியில்லை.

பனிக்காலம் | டொராண்டோ

அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை. ஸ்கார்பரோவில எங்கட ஆக்களின்ர கடையில இலங்கையில இருந்து வாற வல்லாரை கிடைக்கும். விலை கூடத்தான், இனி அதுதான்.

பழையதாள் | புதுச்சேரி

எங்கள் ஊருக்கும் இந்தச் செடிக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1850-களில் புதுச்சேரியில் லெப்பீன் என்ற பிரெஞ்சு மருந்தாளர் வல்லாரையை ஆராய்ந்து அதிலிருந்து கசப்பான, எண்ணெய் போன்ற ஒரு பொருளைப் பிரித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் வெல்லாரின். நம் ‘வல்லாரை’தான் அது. பிரெஞ்சு மருந்தியல் இதழ்களில் ஒரு தமிழ்ச் சொல் வேதிப்பொருளின் பெயராக அச்சேறியதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்போது தொழுநோய்க்கு இதை மருந்தாகக் கொடுத்துப் பார்த்த காலம். மொரீஷியசில் தொடங்கியது. 1855 வாக்கில் சென்னையில் ஹண்டர் என்ற மருத்துவரும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தொழுநோயைக் குணப்படுத்தும் தனி மருந்து இது என்று சொல்ல முடியாது, ஆனால் நோயாளிகளின் பொது உடல்நிலை தேறுகிறது என்பது அவர் கண்ட முடிவு. 1868-ல் வந்த இந்திய மருந்து நூலில் இது இடம் பெற்றது. பிறகு மடகாஸ்கரில் 1941-ல் ஏசியாட்டிகோசைடைப் பிரித்தெடுத்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் மடெகாசோல் என்ற புண் களிம்பு. இன்று கொரிய அழகுக் கிரீம்களில் ‘சிகா’ என்று விற்பதும் வல்லாரைதான். என் மகள் ஒரு டப்பாவுக்குக் கொடுத்த விலையில் நான் ஒரு மாதம் கீரை வாங்குவேன். ஆனாலும் புண் ஆறுவதிலும் தழும்பிலும்தான் இந்தச் செடியைப் பற்றிய ஆய்வுகளுக்கு வலு அதிகம், ஞாபகத்தில் இல்லை.

மதகடி | சென்னை

எவ்வளவு விஷயம்! எல்லாத்தையும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். புதுச்சேரிக் கதையைக் கேட்டு, “அவனுக்கு யாரு பறிச்சுக் குடுத்திருப்பா?”ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை.

கன்னிவாய்க்கால் அண்ணா, உங்க பக்கத்திலேர்ந்து ரெண்டு கணு அனுப்ப முடியுமா? பொட்டலச் செலவு நான் குடுத்துடறேன்.

கன்னிவாய்க்கால் | திருவாரூர் மாவட்டம்

செலவெல்லாம் பேசாதீங்க தம்பி. மேட்டூர் தண்ணி வந்து ஈரம் ஏறியிருக்கு. எங்க வாழைக்கொல்லையில் மருந்து அடிக்கிறதே இல்லை, அங்கேயிருந்து எடுக்கிறேன். ஈரச்சாக்கில் சுத்தி, மேலே வாழை மட்டை கட்டி அனுப்புறேன். ரெண்டு மூணு நாள் தாங்கும்.

வந்ததும் இலையை எல்லாம் கிள்ளிடுங்க, நுனிக் குருத்து மட்டும் போதும். ஆழமான தொட்டி வேண்டாம், இது ஓடுற செடி. அகலமான தட்டுத் தொட்டி, பழைய பிளாஸ்டிக் டப்பாகூட போதும். மண்ணோட மக்கின சாணம் பாதிக்குப் பாதி. கணுவை மண்ணில் அழுத்தி, மேலே ஒரு விரக்கடைக்கு மண் போடாம வேரை மட்டும் மூடுங்க. சென்னை மொட்டைமாடி வெயில் ஆகாது. காலை வெயில் ரெண்டு மணி நேரம், மத்த நேரம் நிழல். மண் காயவே கூடாது. பத்து நாள் ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும், பிடுங்கிப் பார்க்காதீங்க.

கிணத்தடி | யாழ்ப்பாணம்

இலை ஆயேக்க கொடியை இழுக்காதேங்கோ தம்பி, காம்பை மட்டும் வெட்டுங்கோ. பழுத்த இலையை அப்பப்ப எடுத்துவிட வேணும். நத்தை வரும், இரவில டோர்ச் அடிச்சுப் பாருங்கோ.

மதகடி | சென்னை

ஏழு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும். அண்ணா அனுப்பின பொட்டலத்தில் ஒன்பது கணு இருந்தது. ரெண்டு அழுகிடுச்சு, ஏழு பிடிச்சுக்கிச்சு. முதல் ரெண்டு வாரம் அண்ணா சொன்ன மாதிரியே அசைவே இல்லை. ஒரு கணுவைப் பிடுங்கிப் பார்க்கப் போன என் கையை அம்மா தட்டிவிட்டாங்க.

நேத்து டீச்சர் சொன்னது ஞாபகம் வந்து இலையை விலக்கிப் பார்த்தேன். மண்ணை ஒட்டி மூணு பூ, செவப்பா. போன் கேமராவில் சரியா விழலை, கீழே போட்டிருக்கேன். காம்பு வெட்டில்தான் சேருது.

இன்னிக்குக் காலையில் அம்மா கத்தரியால ஒரு கைப்பிடி வெட்டினாங்க. உளுத்தம்பருப்பு, காய்ஞ்ச மிளகாய், துளி பெருங்காயம் வறுத்து, இலையை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, தேங்காயும் கொஞ்சம் புளியும் வச்சு அம்மியில்தான் அரைச்சாங்க. வல்லாரைக்குப் புளி சேர்த்தா குணம் போயிடும்னு எங்க அத்தை சொல்வாங்க. அம்மா கேக்கமாட்டாங்க, புளியில்லாம என்ன துவையல்னு. நானும் சாப்பிட்டேன். முதலில் துவர்ப்பு, அப்புறம் அடிநாக்கில் கசப்பு, தண்ணி குடிச்சா லேசா இனிக்குது. அம்மா ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டாங்க. நாணய இலைத் தொட்டியை மாடிப்படி ஓரத்துக்கு மாத்தியாச்சு, பார்க்க அழகாத்தான் இருக்கு.

கோவை அக்கா, ஓடுதண்டு இப்பவே தொட்டி விளிம்பைத் தாண்டி வெளியே தொங்குது. நாலு கணு எடுத்து ஈரத்துணியில் சுத்தி வச்சுட்டேன். தனிச்செய்தியில் முகவரி குடுங்க, திங்கட்கிழமை அனுப்பிடறேன்.